அவர் வேட்டியில் கட்டிய மூட்டை

பீரோவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது அவர்தான். ஆள் என்னவோ இந்நேரம் திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கிறார். ஆனால் அந்துருண்டையும் கஞ்சி போட்ட துணியும் முகப்பவுடரும் கலந்த அந்த வாடை, கதவு எப்போது திறக்கும் என்று காத்திருந்த மாதிரி குப்பென்று வந்து உலகம்மாளின் முகத்தில் அடித்தது. அவள் ஓர் எட்டு பின்னால் போனாள். வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பீரோ என்னவோ அவளுடைய அப்பா சீராகக் கொடுத்ததுதான். ஆனால் கல்யாணமாகி இந்த மில் காலனி வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதன் சாவி ஆறுமுகநயினாரின் அரைஞாண் கயிற்றில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. குளிக்கும்போதும் அங்கேதான், தூங்கும்போதும் அங்கேதான். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு நர்ஸ் கயிற்றைக் கத்தரித்து, வாட்சையும் சாவியையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, “இந்தாங்கம்மா, உங்க வீட்டுக்காரர் சாமான்” என்று நீட்டினாள். வாங்கும்போது உலகம்மாளுக்குக் கை வியர்த்துவிட்டது. புருஷனை நினைத்துக் கலங்குகிறாள் என்று அந்தப் பெண் தோளைத் தட்டிக் கொடுத்தது. பாவம், நல்ல பிள்ளை. வியர்த்தது சாவியைப் பார்த்து. இல்லை, அவரை நினைத்தும்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து வியர்க்கக் கூடாதா என்ன? வீட்டுக்கு வந்து அந்தக் கவரை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தவள் இன்று காலையில்தான் எடுத்தாள். எடுக்காமல் முடியாது, மகள் செல்வி சொல்லிவிட்டாள்.

செல்வி சொன்னால் சொன்னதுதான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலை வாங்கிப் பழகிய பிள்ளை, அழுதுகொண்டே பேசினாலும் காரியத்தை வரிசையாகச் சொல்லிவிடும். “எம்மா, பழைய கட்டிலைக் கழத்தி வெளிய போட்டாச்சா? வாடகைக் கட்டில் வந்துட்டா? சரி. பீரோவுல மேல ரெண்டு தட்டு எனக்குக் காலியா வேணும். மருந்து, டயப்பர், விரிப்பெல்லாம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும். அப்பாவோட பேன்ட் சட்டையக் கீழ்த்தட்டுல தள்ளி வச்சிரு. இப்போதைக்கு லுங்கியும் துண்டும் போதும்.” கீழ்த்தட்டில் தள்ளி வை என்றுதான் சொன்னாள். உலகம்மாளுக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்டது என்பதைத்தான் பிறகு அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. பழைய தேக்குக் கட்டில் போன இடத்தில் தரை மட்டும் புதுசு மாதிரி பளிச்சென்று நீளமாகத் தெரிந்தது. நடுவில் அவளுடைய தகரப்பெட்டி, துணியில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி, தனியாகக் கிடந்தது. அவளுடைய சேலைகள் எல்லாம் அதற்குள்தான். பீரோவில் வைக்காதே என்று அவர் சொன்னதில்லை. இடம் இல்லை, அவ்வளவுதான். அவர் சட்டைகள் மேல் வேறு துணி படக்கூடாது. கசங்கும்.

மேல்தட்டில் அரைக்கை, அடுத்ததில் முழுக்கை, அதற்குக் கீழே பேன்ட், வேட்டிக்குத் தனித்தட்டு. வெள்ளை ஒரு ஓரம், கோடு போட்டது ஒரு ஓரம். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் தினமும் காலையில் எங்கோ டூட்டிக்குப் போகிறவர் மாதிரி சட்டையைத் தேர்ந்தெடுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க உட்காருவார். துவைத்து இஸ்திரி போட்டு மடித்துக் கட்டிலில் வைப்பது வரைக்கும் அவள் வேலை. உள்ளே அடுக்குவது அவர். மடிப்பு சரியில்லை என்றால் ஒன்றும் பேச மாட்டார். இரண்டு விரலால் சட்டையின் தோளைப் பிடித்துத் தூக்கி, அப்படியே தரையில் விடுவார். தரையில் விழும்போது அது சத்தமே போடாது. அவள் குனிந்து எடுத்து மறுபடியும் மடிப்பாள். அடிக்காத மனுஷன், குடிக்காத மனுஷன், சம்பளத்தை ஒழுங்காக வீட்டுக்குக் கொண்டுவந்த மனுஷன், இதுக்கு மேல உனக்கு என்னட்டி வேணும் என்று அம்மா ஒரு தரம் கேட்டாள். ஒரு சட்டை தரையில் விழுவதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது? சிரிப்பார்கள். அவளே சிரித்திருக்கிறாள். முதலில் காலர் நைந்த ஒன்றை எடுத்தாள். இதைப் பழசுக்குப் போட்டுவிடலாம். அடுத்ததில் பித்தான் இல்லை. அதுவும் போகட்டும். மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வயிற்றுப் பக்கம் பிடிக்கும் என்று அவரே போன பொங்கலுக்கு முனகினார். அதற்கடுத்ததற்கு அவள் காரணம் தேடவில்லை. அதற்கடுத்ததற்கும் தேடவில்லை. கை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு விரலால் தோளைப் பிடித்துத் தூக்குவதும் தரையில் விடுவதும், தூக்குவதும் விடுவதும். வாய் ஏதோ ஒரு பழைய கும்மி மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது என்பதே அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் நிறுத்தினாள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் மேல் மூன்று தட்டும் காலி. பிரிக்காத ஒரு சட்டைகூட, கடை ஒட்டிய காகிதத்தோடு, கீழே குவியலில் கிடந்தது.

காலித் தட்டு இவ்வளவு பெரிசா? ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் பச்சை பெயிண்ட் புதிதாக இருந்தது. செல்வி கேட்டது இரண்டு தட்டு. மூன்றாவது தட்டை என்ன செய்வது என்று நின்றவள், யாரோ பின்னால் இருந்து தள்ளின மாதிரி சட்டென்று குனிந்து தகரப்பெட்டியைத் திறந்து சேலைகளை அள்ளிக்கொண்டு வந்து வைத்தாள். மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, செல்வி முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த ரோஸ். கதவுக் கண்ணாடியில் அந்த நிறங்களுக்குப் பக்கத்தில் தன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்றால் சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்லி மூட முடியாது. நெஞ்சுக்குள் காற்று நிறையப் போன மாதிரி இருந்தது. உடனே ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த டாக்டர் வந்து நின்றுகொண்டார். அவளை நினைவில் இப்படி வழிமறிப்பதே அவருக்கு வேலையாகப் போய்விட்டது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “பயப்படாதீங்கம்மா, பிழைச்சுட்டார். கை கால் வர நாளாகும், கூடவே இருந்து பார்த்துக்கணும். ஆனா உயிருக்கு ஆபத்தில்லை” என்றார். செல்வி சுவரில் சாய்ந்து அழுதாள். உலகம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியது சரி. ஆனால் கும்பிடத் தோன்றுவதற்கு முன்னால், அழுகை வருவதற்கு முன்னால், கண்ணிமைக்கிற நேரம்கூட இருக்காது, உள்ளே ஏதோ ஒன்று சப்பென்று உட்கார்ந்தது. வராது என்று நினைத்திருந்த பஸ் வந்துவிட்ட மாதிரியா? இல்லை, அதற்கு நேர்மாறாக. எதற்கு நேர்மாறாக? அவள் அதை அதற்கு மேல் கிண்டவில்லை. தூக்கமில்லாத களைப்பு என்று வைத்துக்கொண்டாள். சாப்பிடாத வயிறு என்று வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டது அங்கேயே இருக்காமல் இப்போது கண்ணாடிக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. அவள் பீரோ கதவைச் சாத்தினாள்.

குவியலைக் கட்ட ஒரு துணி வேண்டும். கையில் அகப்பட்டது அவருடைய எட்டு முழ வேட்டி. உதறி விரித்தாள், சட்டைகளையும் பேன்ட்டுகளையும் நடுவில் வைத்து அமுக்கினாள், எதிர் எதிர் மூலையை இழுத்து முடிச்சுப் போட்டாள். முழங்காலை மூட்டையில் ஊன்றி முடிச்சை இறுக்கும்போது, இதை எங்கேயோ செய்திருக்கிறோமே என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் மதியத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் கூவிக்கொண்டு வருவாள். இழுத்துக்கொண்டுபோய் வாசல் படியில் வைத்தாள். நிமிர்ந்தால், கேட்டுக்கு வெளியே எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் கையில் தூக்குவாளியோடு நிற்கிறாள். ரசம் கொண்டுவந்திருக்கிறாள், அண்ணாச்சி வந்ததும் கொடுக்க. அவள் உலகம்மாளைப் பார்க்கவில்லை. மூட்டையைத்தான் பார்த்தாள். “மதினி, அண்ணாச்சிக்கு ஒண்ணும் ஆயிரலல்லா?” என்று குரலே எழும்பாமல் கேட்டாள். “ஐயையோ, இல்ல மதினி, வந்துக்கிட்டு இருக்காக. செல்வி இப்பதான் போன் பண்ணுனா” என்றாள் உலகம்மாள். பேச்சியம்மாளுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. “பின்ன என்ன மதினி இது? உசுரோட இருக்கிற மனுசன் துணிய அவுக வேட்டியிலயே கட்டி வாசப்படியில வைப்பாகளா? வண்டி வந்து நிக்கும்போது அவுக கண்ணுல முதல்ல இதுல்லா படும்? எடுங்க மதினி, எடுங்க உள்ள.” தூக்குவாளியைப் படியில் வைத்துவிட்டு, தொடக்கூடாததைத் தொட்டுவிடுவோமோ என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

எங்கே செய்தோம் என்பது அப்போதுதான் வந்தது. மாமனாருக்குச் செய்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, செத்தவர் உடுத்திய துணியையெல்லாம் அவர் வேட்டி ஒன்றிலேயே வைத்து, எதிர் மூலைகளை முடிந்து, வாசல் படியில் வைத்துவிட வேண்டும். சலவைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார், திரும்பிப் பார்க்கமாட்டார். மருமகள்தான் கட்ட வேண்டும் என்று அத்தை சொன்னாள், உலகம்மாள் கட்டினாள். முடிச்சை எப்படி இறுக்க வேண்டும், முழங்காலை எங்கே ஊன்ற வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டது. கை மறக்கவில்லை. கை மறக்காமல் இருந்தது சரி, மனசு எங்கே போயிருந்தது? விரிப்பு எத்தனை கிடக்கிறது வீட்டில், சாக்கு கிடக்கிறது, ஏன் வேட்டி? கையில் அகப்பட்டது. கையில் அகப்பட்டதா, கை போய் எடுத்ததா? அவள் மூட்டையை இழுத்தாள். வெளியே கொண்டுபோகும்போது லேசாக இருந்த மூட்டை உள்ளே வரமாட்டேன் என்றது. நிலைப்படியில் சிக்கி, உன்னித் தள்ளி, படுக்கை அறைக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். நான் அவுகளைச் சாகச் சொன்னேனா? சொல்லவில்லை. நினைத்தேனா? முருகா, நினைக்கவில்லை. சட்டையைத்தான் வெளியே போட நினைத்தேன். சட்டையை மட்டும் தனியாக வெளியே போட முடியுமா, உள்ளே ஆள் இல்லாமல்? ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரியெல்லாம் கந்த சஷ்டி சொன்னது யார், நான்தானே? சொன்னேன். வரி விடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இனிமேல் காலையில் எந்திரிச்சதும் இஸ்திரிப் பெட்டியைத் தொட வேண்டாம் என்று ஒரு நினைப்பு ஓடவில்லையா? ஓடியது. ஓடியதை நிறுத்தினேனா? ஒரு பாவமும் செய்யாத மனுஷனைக் கையாலேயே கருமாதி முடித்து வாசலில் வைத்துவிட்டேனே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

சரி, திரும்ப அடுக்கிவிடலாம். ஆம்புலன்ஸ் பாதி வழி, கயத்தாறு தாண்டியிருக்கும். முடிச்சு அவிழவில்லை. நன்றாக இறுக்கியிருக்கிறாள், கெட்டிக்காரி. நகத்தை விட்டுப் பார்த்தாள், நகம் மடங்கியது. பல்லால் இழுத்தாள். வாயெல்லாம் கஞ்சி வாசனை. ஒரு மூலை மட்டும் நெகிழ்ந்து அதன் வழியாகக் கையை விட்டு ஒன்றை உருவினாள். முழுக்கை, கோடு போட்டது. இது அடுக்கில் எத்தனையாவது? அடுத்து ஒரு வெள்ளை. இது கோடு போட்டதற்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இத்தனை வருஷம் தினமும் பார்த்த அடுக்கு, கண்ணை மூடினால் தெரிய வேண்டாமா? தெரியவில்லை. அவள் பார்த்ததெல்லாம் அவருடைய முதுகைத்தான், பீரோவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்ற முதுகை. கண்டுபிடித்துவிடுவார். வந்து படுத்ததும் முதலில் பீரோவைத்தான் பார்ப்பார், ஒரு சட்டை இடம் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடிப்பார், இரண்டு விரலால் தூக்கி... எப்படித் தூக்குவார்? வலது கை கிடந்தது கிடந்தபடி கிடக்கிறது. எழுந்து நிற்க ஆள் வேண்டும். அந்த நினைப்பு வந்ததும், அவள் தடுப்பதற்கு முன்னால், மறுபடியும் அதே காற்று நெஞ்சுக்குள் போனது. சீ, என்றாள் சத்தமாக. சீ. நீயெல்லாம் ஒரு பொம்பளையா? சேலைகளை எடுத்து மறுபடி தகரப்பெட்டியில் போட நினைத்துப் பீரோவைத் திறந்தாள். மாம்பழ மஞ்சளில் கை வைத்தாள். எடுக்க மனசு வரவில்லை. ஒரு சேலைக்கு ஒரு தட்டு கிடைக்க ஒரு மனுஷன் விழ வேண்டியிருக்கிறது, அப்படியே கிடைத்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கையில் அவருடைய வெள்ளைச் சட்டை, ஒரு கை சேலையின் மேல், அப்படி நிற்கும்போதே வாசலில் வண்டி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் ஆரத்தித் தட்டோடு ஓடிவரும் சத்தமும் கேட்டது.

எல்லாம் அவசரமாக நடந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள், செல்வி ஒரு கையில் பையும் ஒரு கையில் மருந்துமாக அவர்களுக்கு வழி சொன்னாள். அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியபோது உலகம்மாள் காலைப் பிடித்தாள். கால் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. முகம் ஒரு பக்கம் இறங்கி, சவரம் செய்யாமல், யாரோ ஒரு பெரியவர். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைத்தாள். வண்டிக்காரர்கள் போனதும் செல்வி அவளை அறைவாசலுக்கு இழுத்து, “எம்மா, போன்ல சொல்ல வேண்டாம்னு இருந்தேன். நீ வீட்டுக்கு வந்த பொறவுதான், முந்தாநாள்ல இருந்து, அப்பாவுக்குப் பேச்சு வருது. ஆனா ஒரே ஒரு வார்த்தைதான். தண்ணிக்கும் அதான், வலிக்கும் அதான். நாம சொல்றதெல்லாம் புரியுது அவுகளுக்கு, வாய்ல மட்டும் அது ஒண்ணுதான் வருது. சிலருக்கு அப்பிடி ஒரு சொல்லு மட்டும் தங்கிருமாம், டாக்டர் சொன்னாரு” என்றாள். என்ன வார்த்தை என்று உலகம்மாள் கேட்பதற்குள் கட்டிலில் இருந்தே வந்துவிட்டது. “உலகு.” குழறிக்கொண்டு வந்தாலும் தெளிவாகத்தான் வந்தது. யாரைக் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. அப்பா கூப்பிட்ட பெயர் அது. அப்பா போன பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. இவருக்கு அவள் எப்போதும் ‘இந்தா’தான், மற்றவர்களிடம் ‘வீட்ல’. அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. இவ்வளவு காலம் அதை எங்கே வைத்திருந்தார், ஒரு நாள்கூட வெளியே எடுக்காமல்?

அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேட்டி, ஒரு மூலையில் பிதுங்கிக்கொண்டிருக்கிற தன் சட்டைக்கை. பிறகு கண் மெதுவாக மேலே போனது, திறந்து கிடந்த பீரோவுக்கு, மாம்பழ மஞ்சளுக்கு. அவர் அப்பா மூட்டையும் இதே வாசலைத் தாண்டித்தான் போனது, அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். “உலகு” என்றார் மறுபடி. அவள் மூட்டைக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றாள். துவைக்கப் போட எடுத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, நெகிழ்ந்த மூலை வழியாகவே ஒரு சட்டையை உருவி அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். “இது வேணுமா உங்களுக்கு?” “உலகு.” “குடுத்துரட்டுமா அப்ப?” “உலகு.” அதே குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவள் அந்த முகத்தில் தேடினாள். ஏசுகிறாரா, கெஞ்சுகிறாரா, போகட்டும் விடு என்கிறாரா? இறங்கின பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை, இறங்காத பக்கத்திலும் ஒன்றும் தெரியவில்லை. சட்டையை வலது பக்கம் வைத்தாள். பிறகு எடுத்து இடது பக்கம் வைத்தாள். அடுத்ததைக் காட்டினாள். “உலகு.” இனிமேல் இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் பதில் அதுதான். விடிந்தால், பொழுது அடைந்தால், பசித்தால், நனைந்தால் அவளைத்தான் சொல்லப் போகிறார். திட்டினால்கூட அவளுக்குத் தெரியப் போவதில்லை, மன்னித்தாலும் தெரியப் போவதில்லை. கடைக் காகிதம் ஒட்டிய புதுச் சட்டை கையில் வந்தது. அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டு, உலகம்மாள் கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக அவர் முன்னால் வாய்விட்டு அழுதாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல கை விரிப்பின் மேல் கொஞ்ச தூரம் நகர்ந்து வந்து நின்றது. “உலகு” என்றார். “தண்ணி கேக்காகம்மா” என்று சொல்லிவிட்டுச் செல்வி டம்ளர் எடுக்கப் போனாள்.